துருப்பிடித்த ஆணிகளும் ஏழு வெள்ளிக் காசும்

கர்ர்... கர்ர்... கர்... கிணிங்... கர்ர்.

கொட்டகையிலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது அவள் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி பாதியில் நின்றது. சுவரில் காதை வைத்தாள்.

மறுபடியும் வந்தது. கர்ர்... கிணி... கர்ர்.

'கர்' என்றால் இரும்பு. அது அந்த வீட்டில் காக்கை கத்துவது போலச் சாதாரணம். 'கிணிங்' என்றால் வெள்ளி. அந்தக் கொட்டகையின் மண்ணுக்கடியில் வெள்ளி இருப்பது இந்த உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தி கையில் வெங்காயத்தோடு, நின்ற இடத்திலேயே வேர்த்துப்போய் நின்றாள்.

இப்போது அவர் குனிவார். தோண்டுவார். இருபத்திரண்டு வருஷம் கழித்து இன்றைக்கு எல்லாம் முடிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கர்ர்... கர்ர்... கர்ர்... சத்தம் மெல்ல நகர்ந்து கொட்டகையின் அடுத்த மூலைக்குப் போய்விட்டது.

அவளுக்கு நம்ப முடியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய் எட்டிப் பார்த்தாள். அவள் புருஷன், தெருக்காரர்கள் 'காந்தம்' என்று கூப்பிடுகிற பழைய இரும்பு வியாபாரி, ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மெட்டல் டிடெக்டரை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"ஏதாவது கிடைச்சுதாங்க?" என்று உரக்கக் கேட்டாள்.

"என்ன கிடைக்கும்? எல்லாம் இரும்பு. கர்ர்னுதான் கத்துது, உன்னை மாதிரியே."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவருக்கு அந்த மெல்லிய சத்தம் கேட்கவே இல்லை.

போன வருஷமே காது டாக்டர் சொல்லியிருந்தார்: கனத்த சத்தம் கேட்கும், மெல்லிய சத்தம்தான் முதலில் போகும், வயசானால் அப்படித்தான் என்று. காந்தம் அதை ஒப்புக்கொண்டால்தானே? "என் காது நல்லாத்தான் இருக்கு. ஜனங்கதான் இப்பல்லாம் வாய்க்குள்ளயே பேசுது" என்பார். வாசல் மணி அடித்தால் கேட்காது. குக்கர் விசில் கேட்காது. டிடெக்டரின் திரையும் எப்போதோ செத்துவிட்டது, வெறும் சத்தத்தை வைத்துத்தான் பிழைப்பு. முழங்கால் முடியாமல் போவதற்கு முன்பே, காசு தேடிப் போன இடத்திலிருந்தெல்லாம் அவர் வெறுங்கையோடு திரும்பி வந்ததற்குக் காரணம் அதுதான் என்று இன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. மண்ணில் காசு கூப்பிடுகிறது, மனுஷர் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார்.

அவளுக்குக் கேட்கும். நன்றாகக் கேட்கும். பத்தொன்பது வயதில் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து சத்தத்தை வைத்தே உலோகம் பிரித்தவள் அவள். கல்மேல் ஒரு துண்டைப் போட்டால் 'டொக்' என்றால் வார்ப்பிரும்பு, 'ணங்' என்றால் எஃகு, 'டிங்' என்று கொஞ்சம் நீண்டால் பித்தளை. விரல் நுனிகளில் துரு ஏறி, எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண் சிவப்பாகவே இருக்கும். குழந்தை பிறக்கவில்லை. அந்தக் குறை தெரியாமல் அவள் மடியில் விழுந்தவள்தான் சின்னவள்.

சின்னவள் என்றால் காந்தத்தின் தங்கை. அண்ணி வந்தபோது அவளுக்கு வயது பன்னிரண்டு. இரண்டு வருஷத்தில் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட, அண்ணிதான் அவளுக்குத் தலை பின்னினாள், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டாள், தையல் பழக அனுப்பினாள். "அண்ணி, எனக்குக் கல்யாணம் ஆனாலும் நீங்க என்கூட வந்துடணும்" என்பாள் சின்னவள். "அப்ப உங்க அண்ணனுக்கு யார் சோறு போடறது?" என்றால், "இரும்பைத் தின்னட்டும்!" என்று இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

சாகும்போது மாமியார் ஏழு வெள்ளிக் காசுகளை மகன் கையில் கொடுத்து, "இது சின்னவளுக்கு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். ஏதோ ஒரு காலத்து ராஜாவின் தலை தேய்ந்துபோன பழங்காசுகள்.

காந்தம் அவற்றை எங்கே வைத்தார் தெரியுமா? வேறு எந்தத் தொழில் செய்கிறவனுக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது. கொட்டகையில் ஆணி டப்பாக்கள் பத்து வரிசையாக இருந்தன. அதில் இருப்பதிலேயே கேடுகெட்ட டப்பா, அடி இற்றுப்போய், வளைந்து நெளிந்த துரு ஆணிகள் ரொப்பிய டப்பா, அதன் நடுவில் புதைத்து வைத்தார். எந்தத் திருடன் அதைத் தொடுவான்? பெருமை தாங்காமல் தங்கையிடம் மட்டும் காட்டினார். "உன் சொத்து எங்க இருக்குன்னு பாத்துக்கோ. வேற யார்கிட்டயும் மூச்சு விடாதே. உங்க அண்ணிகிட்டகூட."

திருடன் தொடவில்லை. பெண்டாட்டி தொட்டாள்.

சின்னவளுக்கு இருபது வயசான வருஷம் மழை பிடித்துக்கொண்டு கொட்டியது. கொட்டகையின் நடுத்தூண் பக்கத்தில் தரை உள்வாங்கி, குழி விழுந்து, தண்ணீர் ஊறியது. காந்தம் சரக்கு எடுக்க வெளியூர் போயிருந்தார். அவள் உடைந்த செங்கல், ஓடு, எதற்கும் ஆகாத இரும்புத் துண்டு என்று கைக்கு வந்ததையெல்லாம் போட்டுக் குழியை நிரப்பினாள். பத்து டப்பாவில் ஒன்பது நல்ல ஆணி. ஒன்று மட்டும் குப்பை. அதையும் தூக்கிக் குழியில் போட்டு, மேலே மண் தள்ளி, காலால் மிதித்தாள். ஊரிலிருந்து வந்தவர், "பரவாயில்லையே, கெட்டிக்காரிதான்" என்று மெச்சிவிட்டு, அன்றைக்கே ஒரு லாரி இரும்பை அதே இடத்தில் இறக்கினார்.

ஒரு மாசம் கழித்துத் தங்கைக்கு வரன் வந்தது. காசை எடுக்கப் போனார். டப்பா இல்லை.

அந்தக் காலை வேளையை அவள் எத்தனையோ தடவை தலைக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். காந்தம் தெரு வாசலில் நின்று கத்தினார். "பத்து டப்பாவுல அந்த ஒண்ணு மட்டும் எப்படிடி காணாம போகும்? எடுத்தவளுக்கு எதுன்னு தெரிஞ்சிருக்கு! எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். நான் எடுக்கலை. அப்ப யாரு?"

"சத்தியமா நான் எடுக்கலைண்ணா. என் காசை நானே எதுக்குத் திருடணும்?"

"எவனுக்குக் குடுத்தே? சொல்லு! திருடி! சொந்த வீட்லயே திருடின திருடி!"

அடுப்படியில் நின்றவளுக்கு 'ஆணி டப்பா' என்ற வார்த்தை காதில் விழுந்த அந்த நொடியே எல்லாம் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தாள். வாசலில் காந்தத்தின் கை ஓங்கியிருந்தது. அந்தக் கை தன்மேல் திரும்பும் என்ற பயம். 'இப்போது வேண்டாம், கோபம் ஆறட்டும், சாயங்காலம் சொல்லிக்கலாம்' என்று திறந்த வாயை மூடினாள். அந்த ஒரு நொடிதான்.

சாயங்காலம் வருவதற்குள் சின்னவள் தையல் மிஷினை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அண்ணி பின்னாலேயே ஓடி, சாப்பாட்டுப் பொட்டலத்தை அவள் கையில் திணித்து, கட்டிப்பிடித்து அழுதாள். சின்னவள் கேட்டாள்: "அண்ணி, நீங்களாவது என்னை நம்பறீங்களா?"

"நம்பறேன் கண்ணு."

நம்பிக்கை என்ன நம்பிக்கை! தெரிந்தே இருந்தது. அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. மறுநாள் சொல்லியிருக்கலாம், 'நேத்தே ஏன் சொல்லலை' என்ற கேள்வி வந்து நின்றது. அடுத்த வாரம் இன்னும் பெரிதாக நின்றது. வருஷங்கள் அந்த இரும்புக் குவியலைப் போலவே ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன.

போன மாசம்தான் வியாபாரத்தை மூடினார் காந்தம். கடைசி லாரியும் போய், கொட்டகை வெறும் சிவப்பு மண்ணாகக் கிடந்தது. கடை மந்தமான நாட்களில் இடித்த வீடுகளின் மண்ணில் காசும் பித்தளையும் தேடப் போவது அவர் வழக்கம். இப்போது முழங்கால் வலி, வெளியே நடக்க முடியவில்லை. பொழுது போகாமல்தான் இன்றைக்குச் சொந்தக் கொட்டகையிலேயே டிடெக்டரை ஆட்டிப் பார்த்தார். ஆட்டியவருக்குக் கேட்கவில்லை.

அடுப்படிக்குத் திரும்பி வந்தவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தப்பித்தாயிற்று. இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படி நினைத்ததும் ஆறுதல் வரும் என்று பார்த்தால், அழுகைதான் வந்தது.

வாசல் மணி அடித்தது. வழக்கம்போல அவருக்குக் கேட்கவில்லை. அவள் போய்த் திறந்தாள்.

படியில் சின்னவள் நின்றாள்.

காதோரம் நரை, மூக்கில் தடிமனான கண்ணாடி. ஆனால் நிற்கிற நிலை மாறவில்லை, ஒரு காலில் பாரம் போட்டு, திட்டு வாங்கப்போகிற பிள்ளை மாதிரி. "உள்ள வரலாமா அண்ணி?"

இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். ஒருத்தியின் தோள் இன்னொருத்தியின் கண்ணீரில் நனைந்தது. "இளைச்சுப் போய்ட்டீங்க அண்ணி." "நீ மட்டும் என்னவாம், ஊசிக்குள்ளயே நூலா போய்டுவே போல." அழுகையோடு அழுகையாகச் சிரிப்பும் வந்தது.

காந்தம் கொட்டகையிலிருந்து வந்தார். தங்கையைப் பார்த்ததும் டிடெக்டரைச் சுவரில் சாய்த்துவிட்டு, முகத்தை இறுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். 'வா' என்று சொல்லவில்லை.

சின்னவள் நின்றபடியே பேசினாள். "அடுத்த வாரம் வேற ஊருக்குக் குடிபோறோம்ணா. என் வீட்டுக்காரருக்கு அங்க வேலை. இனிமே இந்தப் பக்கம் வருவேனோ என்னவோ. அதான் இதைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

கைப்பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து மேஜைமேல் அவிழ்த்தாள். ஏழு வெள்ளிக் காசுகள். புதுசு போலத் துடைத்து, பளபளவென்று.

காந்தத்தின் கண்கள் விரிந்தன. "பாத்தியா! கடைசியில கொண்டுவந்துட்டா பாத்தியா! நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?" என்று பெண்டாட்டி பக்கம் திரும்பிக் கத்தினார். "எடுத்தது எடுத்தே. இதை அன்னிக்கே குடுத்திருந்தா நான் உன்னைப் போகவா விட்டிருப்பேன்?"

"அம்மாவோட காசு இல்லண்ணா இது." சின்னவள் குரலை உயர்த்தி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அதே மாதிரி தேடித் தேடி வாங்கினது. ராப்பகலா தைச்சு வாங்கினேன். ஏழு சேர இத்தனை வருஷம் ஆச்சு. நான் எடுக்கலைன்னு சொல்லிச் சொல்லி எனக்கு ஓஞ்சு போச்சு. இதை வெச்சுக்கங்க. அந்தப் பேரை மட்டும் என்மேல இருந்து எடுத்துடுங்க. போற ஊருக்கு அதையும் சுமந்துட்டுப் போக முடியலை."

"எடுக்காதவ எதுக்குத் திருப்பிக் குடுப்பா? யாருக்கிட்ட கதை விடறே?"

சின்னவள் அண்ணி பக்கம் திரும்பி, கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க அண்ணி. அவர் நம்ப வேண்டாம். இந்த வீட்ல என்னை நம்பின ஒரே ஜீவன் நீங்க. அது போதும் எனக்கு. அன்னிக்கு நீங்க குடுத்த பொட்டலத்தை மடியில வெச்சுக்கிட்டே பஸ்ல போனேன். பிரிக்கவே மனசு வரலை. எனக்குன்னு ஒருத்தி இருக்கான்னு அந்தத் தைரியத்துலதான் இத்தனை வருஷம் ஓடிச்சு."

அந்தக் கை ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போயிருந்தது. அண்ணி அதை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கை கடைசிவரை தன்னுடையது. திறந்தால்?

திறந்தாள்.

"கண்ணு... அந்த டப்பாவை நான்தான் குழியில போட்டேன்."

முணுமுணுப்பாகத்தான் வந்தது. ஆனால் சின்னவளுக்குக் கேட்டுவிட்டது. அவள் விரல்கள் மட்டும் சட்டென்று அசையாமல் நின்றுவிட்டன.

"என்ன? என்ன சொல்றா? வாய்க்குள்ளயே பேசாதேன்னு எத்தனை தடவை சொல்றது!" என்றார் காந்தம்.

"டப்பாவை நான்தான் போட்டேங்க."

"எந்த அப்பாவை?"

சிரிக்கிற வேளையா அது? அவள் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் கண்ணாடிக்குப் பின்னால் இமைக்காமல் நின்றாள். "சத்தமா சொல்லுங்க அண்ணி," என்றாள், தாழ்ந்த குரலில். "அன்னிக்கு என்னைத் திருடின்னு சொன்னது தெரு முழுக்கக் கேட்டுது."

இருபத்திரண்டு வருஷமாகத் தொண்டைக்குள் கிடந்ததை அவள் கத்தினாள். ஜன்னல் திறந்திருந்தது. எதிர்வீட்டுக்காரி துணி காயப்போட்டுக்கொண்டு நின்றாள். அண்ணி அதையெல்லாம் பார்த்துத் தயங்கவில்லை.

"ஆணி டப்பாவை! நான்தான்! குழியில போட்டு மூடினேன்! அதுல காசு இருக்குன்னு எனக்குத் தெரியாது! நீங்க இவளைத் திட்டினப்போதான் தெரிஞ்சுது! தெரிஞ்சும் சொல்லலை! பயந்துக்கிட்டு சொல்லலை! இவ எடுக்கலை! இவ எதையும் எடுக்கலை!"



காந்தம் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடியும் உட்கார்ந்தார். "பொய்," என்றார். "அங்க ஒண்ணும் இல்லை. இப்பதான் பாத்தேன். எல்லாம் இரும்பு."

அவள் டிடெக்டரை எடுத்தாள். வாழ்க்கையில் அதைத் தொட்டதில்லை. ஆனால் அவர் வீட்டில் அதைச் சோதித்துப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக் கேட்டு அதன் நடை அத்துப்படி. இரும்புக் குப்பையில் காசு ஒழுங்காகக் கூப்பிடாது, நடுவில் நடுவில் எட்டிப் பார்க்கும், அவசரப்பட்டால் ஆணிச் சத்தம் அதை விழுங்கிவிடும் என்று அவரே யாரிடமெல்லாமோ சொல்லியிருக்கிறார். கொட்டகைக்குப் போய், மற்ற இரண்டு பேரும் பின்னால் வர, நடுத்தூண் பக்கத்தில் நின்று, தரையை உரசினாற்போல மெல்ல ஆட்டினாள். கர்ர். கர்ர். கர்... கிணி. அப்படியே கால் வட்டம் திரும்பி, குறுக்கே ஆட்டினாள்.

கிணிங்.

சின்னவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காந்தம் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன? என்ன கேட்டுது?" அண்ணி மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்தாள்.

கடப்பாரையை அவரே பிடுங்கிக்கொண்டு தோண்டினார். முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ. ஓடு வந்தது, செங்கல் வந்தது. பிறகு பூசணிக்காய் அளவுக்கு ஒரு துருக் கட்டி. டப்பா கரைந்துபோய், ஆணிகள் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு கல்லாகிவிட்டிருந்தன. சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. கட்டி பிளந்தது. சிவப்புத் துருவுக்கு நடுவில், மாதுளைக்குள் முத்துப் போல, அம்மாவின் காசுகள். ஏழும் இருந்தன.

காந்தம் மண்ணிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "பாவி... நான் பாவி... என் கையால வளர்த்த பிள்ளையை..." பெரிய குரலில் அழுதார். தன் குரல் எத்தனை பெரியது என்று அவருக்கே தெரியவில்லை. "என்னை மன்னிச்சுடும்மா."

சின்னவள் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தலையிலிருந்து கீழே வைத்தாள். "அழாதீங்கண்ணா. உங்களுக்குத் தெரியாது." அதைக் காதருகே சொன்னாள். காசுகளைப் பொறுக்கி, துருவைக்கூடத் தட்டாமல் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

எழுந்தாள். அண்ணியின் எதிரே வந்து நின்றாள்.

"அன்னிக்கு என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதீங்களே அண்ணி. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"பொட்டலம் கட்டும்போது?"

"தெரியும் கண்ணு."

சின்னவள் தலையை ஆட்டினாள். கோபம் வந்திருந்தால் தேவலை. நாலு வார்த்தை திட்டியிருந்தால், கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். அவள் ஒன்றும் செய்யவில்லை. அளவு தப்பிப்போன துணியைப் பார்ப்பது போல அண்ணியை ஒரு தடவை பார்த்துவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

மேஜைமேல் பளபளவென்று மற்ற ஏழு காசும் கிடந்தன. அண்ணி அவற்றை அள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். அன்றைக்குப் பொட்டலத்தோடு ஓடியது போலவே. "கண்ணு, உன் காசு! நீ தைச்சுச் சேர்த்தது!"

"அது திருடினவ திருப்பிக் கொண்டுவந்த காசு அண்ணி," என்றாள் சின்னவள், திரும்பாமல். "என்னோடது இல்லை."

படியிறங்கினாள்.

அந்த வீட்டு வாசல் கதவு காந்தமே பழைய தகட்டில் அடித்துச் செய்தது. யார் எப்படிச் சாத்தினாலும் 'டமால்' என்று அறையும். அன்றைக்குச் சின்னவள் போனபோது அது அறைந்த அறை இன்னும் அண்ணியின் காதில் இருந்தது. இப்போதும் அதற்காகக் காத்துக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள்.

சின்னவள் வெளியே நின்று, இரண்டு கையாலும் கதவைப் பிடித்து, சின்னச் சத்தம்கூட வராமல் மெல்லச் சேர்த்தாள். தாழ்ப்பாள் தானாக விழுந்தது.

கொட்டகையிலிருந்து காந்தத்தின் குரல் வந்தது. "எங்க அவ? போயிட்டாளா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கை நிறையக் காசோடு, சாத்திய கதவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.